சாட்சியத்தின் சாரம்

மை தடவிய கட்டைவிரலைத் தாளில் வைக்க மாட்டேன் என்று என் அத்தை சாட்சிக் கூண்டில் நின்றது இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஊதா மை வழிந்து அவள் மணிக்கட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. கோர்ட்டு குமாஸ்தா தாளை நீட்டியபடி, "சீக்கிரம் வைம்மா, அடுத்த கேசு காத்துக்கெடக்கு" என்று அதட்டினார். அத்தை அசையவில்லை. "எழுதுனத வாசிச்சுக் காட்டுங்க. அப்புறமா வைக்கிறேன்" என்றாள். ஐம்பதுகளின் நடுவில் ஒரு வெயில் காலம். நிலக்கோட்டையிலிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு அவளுக்குத் துணையாக நான்தான் போயிருந்தேன்.

வழக்கு ஒரு கிணற்றைப் பற்றியது. மாமா காய்ச்சலில் விழுந்தபோது தம்பியைக் கூப்பிட்டு, "நான் எந்திரிக்கிற மட்டும் கெணத்தப் பாத்துக்கடா" என்றிருக்கிறார். அவர் எழுந்திருக்கவே இல்லை. கருமாதி முடிந்த கையோடு அந்தத் தம்பி, "அண்ணன் கெணத்த எனக்குக் குடுத்துட்டாரு" என்று சொல்லி, அத்தையின் மல்லிகைத் தோட்டத்துக்குப் போகும் வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டார். அரும்பு கட்டியிருந்த செடிகள் நின்ற நிலையில் காய்ந்தன. பஞ்சாயத்துப் பேசியவர்கள், "பொம்பளைக்கு எதுக்கு வம்பு, கொழுந்தன் சோறு போடாமலா போயிருவாரு" என்று கையைக் கழுவிக்கொண்டார்கள். அத்தை கழுத்தில் கிடந்ததை விற்று வக்கீல் வைத்தாள்.

கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடியே சொன்னாள். மாமா எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தார், எத்தனை மெல்லிய குரலில் தம்பியை அழைத்தார், அப்போது யார் யார் அருகில் இருந்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். வழக்கை விசாரித்த முன்சீப் தம் கைப்பட ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தார். அத்தை நெடுநேரம் பேசினாள். அவர் பேனாவோ எப்போதாவதுதான் நகர்ந்தது. மொத்தமும் சில வரிகளில் முடிந்துபோனது. அதன் அடியில், சாட்சிக்கு வாசித்துக் காட்டி, சரியென்று அவர் ஒப்புக்கொண்டதாக ஒரு வாசகம். வாசிக்கவே இல்லை! அதற்குள் ஒப்புக்கொண்டாளாம்.

எங்கள் வக்கீலாவது அத்தைக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ கூண்டருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாம் ஜிஸ்ட்டா எழுதியாச்சும்மா. நீ சொன்னதோட சப்ஸ்டன்ஸ் அதுல இருக்கு. கோர்ட்டுக்கு எஸ்ஸென்ஸ்தான், சாரந்தான் வேணும், கதை வேண்டாம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் இன்டர்மீடியட் படித்தவள். ஜிஸ்ட் என்றால் சுருக்கம், எஸ்ஸென்ஸ் என்றால் பிழிந்தெடுத்த சாறு, சப்ஸ்டன்ஸ் என்றால் உள்ளடக்கம் என்று பரீட்சைக்கு உருப்போட்டு, பத்திகளைச் சுருக்கி எழுதி மார்க் வாங்கியவள். சாறு எடுக்கத் தெரிந்தவன் பழத்தை முதலில் பார்க்க வேண்டாமா? ஒருத்தியின் வாழ்வை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் எது சாரம், எது சக்கை என்று அவளைக் கேளாமலே தீர்மானிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

"அப்ப அந்தச் சாரத்தயாச்சும் வாசிங்க" என்றாள் அத்தை. முன்சீப் எரிச்சலோடு குமாஸ்தாவைப் பார்த்துத் தலையசைத்தார். குமாஸ்தா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "என் கணவர் மரணப் படுக்கையில் கிணற்றைத் தம்பியிடம் கொடுத்தார்..."

"நிப்பாட்டுங்க. குடுத்தாருன்னு நான் எப்பச் சொன்னேன்? பாத்துக்கன்னாருன்னுல்ல சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் முன்சீப்.

"எப்பிடிச் சாமி ஒண்ணாகும்? செத்த நேரம் பாத்துக்கங்கன்னு எம்புள்ளைய உங்க கையில விட்டுட்டுப் போறேன். திரும்பி வந்து கேட்டா, நீ குடுத்துட்ட, இனி இது எம்புள்ளைன்னு சொல்லுவீகளா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. குமாஸ்தா கையிலிருந்த தாளை வாங்கினார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, மேலே வேறு வரி எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். மறுபடி வாசிக்கச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அத்தை ரேகை வைத்தாள்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. பார்த்துக்கொள்ளச் சொன்னது கொடுத்ததாகாது என்பதையே பிடித்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். ஆனால் அதற்குள் தோட்டத்தில் உயிருள்ள செடி ஒன்றுகூட மிச்சமில்லை. அத்தை புதுப் பதியன் வாங்கி முதலிலிருந்து நட்டாள். கொழுந்தன் அதன்பின் அவள் முகத்தில் விழித்ததில்லை. அவளும் அதற்காக வருந்தவில்லை.

சில வருஷம் கழித்து வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்தில் அதே வக்கீலைப் பார்த்தோம். பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலைக்காரரிடம் இந்தக் கேசைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரே வார்த்தை சார். கேசோட கிரக்ஸே அதுதான். நான் கப்புனு பிடிச்சு, அடிச்சு எழுத வச்சேன்." எதிர் வரிசையில் அத்தை உட்கார்ந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை; கவனித்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்குமோ என்னவோ. நான் எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரத் துடித்தேன். அத்தை என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அது என்ன தாயி, கிரக்ஸு?"

"முக்கியமான முடிச்சு அத்தை. எல்லாம் அதுலதான் நிக்கும்."

"முன்னாடி வேற என்னமோ சொன்னாரே."

"ஜிஸ்ட், சப்ஸ்டன்ஸ், எஸ்ஸென்ஸ். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அர்த்தந்தான்."

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "இம்புட்டு வார்த்தை வச்சிருக்காகளே, 'அவ சொன்னது இது'ன்னு சொல்ல அதுல ஒண்ணு இல்லையா?"

பிற்பாடு நான் ஆசிரியையாகி, அந்தச் சொற்களையெல்லாம் பிள்ளைகளுக்கு ஆண்டாண்டாகப் பாடம் சொன்னேன். அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்ல அவற்றில் ஒன்றும் உதவவில்லை.