சாம்பல் டப்பா

பவுடர் தீர்ந்துபோன ஒரு தகர டப்பா. அடுப்புச் சாம்பலைச் சலித்து அதில் நிரப்பித் தறியோரம் வைத்திருப்பாள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எனக்கு அக்கா. தாமலில் என் பிறந்த வீட்டில் தறி கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நெய்து முடிந்ததும், அதன் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கச் சொல்லி மாமியார் என்னை உட்கார வைத்தார். பூக்கட்டிப் பழகிய கை. ஒவ்வொரு இழைக்கும் அழகாக முடிச்சுப் போட்டேன். பாவை இழுத்தபோது முடிச்செல்லாம் தறியின் அச்சுப் பற்களில் சிக்கி இழைகள் அறுந்தன. மாமியார் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "நான்தான் அத்தை, ஏதோ ஞாபகத்துல போட்டுட்டேன்" என்றாள் அக்கா. மாமியார் நம்பவில்லை, ஆனாலும் அதற்குமேல் பேசவில்லை. அவர் போனபிறகு அக்கா மெல்லச் சொன்னாள்: "முடி போடாதடி. சாம்பலைத் தொட்டு முறுக்கு." டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

ஆண்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்குப் பிள்ளையில்லை. முதலில் அவளுக்குப் பெயர்கள் மறந்தன, பிறகு என்னையே மறந்துபோனாள். விரல்கள் மட்டும் மறக்கவில்லை. துண்டு, போர்வை, எது கையில் கிடைத்தாலும் இழை பிரித்து முறுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு காலையில் குளியலறையில் அவள் விழ, தூக்கப்போன நானும் விழுந்தேன். பால்காரம்மா வந்து எழுப்பும்வரை இருவரும் ஈரத்தரையில் கிடந்தோம். அவளை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதென்று கிடந்தபடியே முடிவு செய்தேன். ஊர் என்ன பேசும் என்று பார்த்தால் அக்காவுக்கு இடுப்பு மிஞ்சாது.

சென்னைப் புறநகரில் இருக்கும் என் மகன் தன் வீட்டுப் பக்கத்திலேயே ஓர் இல்லம் பார்த்து வைத்திருந்தான். அவர்கள் கொடுத்த பளபளப்பான அட்டையை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குப் பொறுமையில்லை. அக்காவையே கூட்டிப்போய் அங்கே ஒரு கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் விரிப்பின் ஓரத்தை அவள் பிரிக்க ஆரம்பித்தாள். பொறுப்பாளர் அம்மா சிரித்த முகத்தோடு கையை விலக்கினார். "இப்படிப் பண்றவங்களுக்கு கையில உறை மாட்டிக் கட்டிடுவோம்மா. பழகிடுவாங்க."

"எழுந்திரு அக்கா" என்றேன்.

"இங்க இடம் கிடைக்கிறதே கஷ்டம்மா. டாக்டர் இருக்காரு, ஏசி இருக்குது" என்றான் மகன்.

"எல்லாம் இருக்குது. கையக் கட்டவும் ஆள் இருக்குது. வண்டிய எடு."



எங்கள் ஊர்ப்பக்கமே முசரவாக்கம் போகிற வழியில் இன்னோர் இல்லம் இருப்பதாகப் பால்காரம்மா சொல்லியிருந்தாள். சிமெண்டுத் தரை, காற்றாடி மட்டும். அங்கேயும் கட்டிலில் உட்கார வைத்தேன். அடுத்த கட்டிலில் திருப்பருத்திக்குன்றத்து அம்மா ஒருவர் சாய்ந்திருந்தார். தேநீர் மணி அடித்ததும் அவர் எழ, அவருடைய முந்தானையோடு அக்காவும் இழுபட்டாள். இரண்டு முந்தானைக் குஞ்சமும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தது.

"இன்னாம்மா இது? எனக்கும் உனக்கும் கல்யாணமா, முந்தானைய முடியுற?" என்று கத்தினார் அந்த அம்மா. கவனித்துக்கொள்கிற பெண் ஓடிவந்து சிரித்தாள். தரையில் உட்கார்ந்து பிரித்தவள், தன் தோளிலிருந்த துண்டை அக்கா மடியில் போட்டாள். அக்காவின் வலக்கை அப்போதும் பக்கத்தில் எதையோ துழாவியது.

"இன்னாத்த தேடிக்கினு இருக்காங்க ஆயா?" என்று என்னைக் கேட்டாள்.

பார்த்த இடங்களில் இதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். "இந்த இடம்தான்" என்றேன் மகனிடம். அவன் காற்றாடியை அண்ணாந்து பார்த்தான். "பெரியம்மாவுக்கு வேர்க்கும்மா." வேர்த்தால் விசிறட்டும், இங்கே கையைத்தான் கட்டப்போவதில்லையே என்றேன்.

அக்காவைச் சேர்த்த அன்று டப்பாவில் புதுச் சாம்பல் நிரப்பி எடுத்துப்போனேன். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை பேருந்தில் போய் வருகிறேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. போன முறை அவளருகில் உட்கார்ந்து துண்டின் இரண்டு இழைகளை நானும் எடுத்தேன். விரல் மரத்துப்போய் முறுக்க வரவில்லை. யாரும் பார்க்கவில்லையென்று ஒரு முடிச்சைப் போட்டேன்.

அக்கா பார்த்துவிட்டாள்.

"முடி போடாதடி" என்றாள். டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.