சண்முகத்தாய் நழுவவிட்ட கயிறு

எம் பொண்டாட்டி சண்முகத்தாய் புஸ்தகம் எழுதுதவ. சும்மா சொல்லலை, அச்சடிச்ச புஸ்தகம். தூத்துக்குடிக் கடற்கரையில வந்து காசிலிங்கம் கடை எதுன்னு கேட்டீங்கன்னா, "எந்தக் காசிலிங்கம்?"னு திருப்பிக் கேப்பான். "கதை எழுதுதாள்லா, அவ புருஷன் கடை"ன்னு சொல்லுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுருவான். இருபது வருஷமா கயிறும் கருப்பட்டியும் வித்து நான் வாங்காத பேரை அவ நாலு புஸ்தகத்துல வாங்கிட்டா. பொறாமையான்னு கேட்டா, ஆமா, கொஞ்சம் உண்டு.

அவ பிறந்தது விளாத்திகுளம் பக்கம், கரிசக்காட்டுல. கம்பும் பருத்தியும் பாத்து வளந்தவ. கல்யாணம் முடிஞ்சு இங்கன வந்த அன்னைக்குக் கடலைக் காட்டுனேன். அப்படியே நின்னா. "இதுக்கு அடியில யாரு இருக்கா?"ன்னு கேட்டா. "மீனு இருக்கு"ன்னேன். "மீனு மட்டுமா?"ன்னா. சரி, புதுப்பொண்ணு, விளையாட்டுக்குக் கேக்குதான்னு நினைச்சேன். அவ நிசமாத்தான் கேட்டிருக்கா.

பொட்டலம் மடிக்க வச்சிருந்த தாளை எடுத்து எழுத ஆரம்பிச்சா. அது தெரியாம நான் அதே தாள்ல மிளகு மடிச்சுக் குடுத்துட்டேன். மூணாம் அத்தியாயம் மிளகோட ஒரு வீட்டுக்குப் போயிட்டு. வீட்டுல எனக்கு விழுந்த ஏச்சு இருக்கே, ஏ யப்பா! ஆனா மறுநாள் காலையில அந்த வீட்டுப் பொண்ணு கடைக்கு வந்து, "அண்ணாச்சி, மிளகு வேண்டாம், மீதிக் கதை இருக்கா?"ன்னு நிக்கா. உள்ள இருந்து சண்முகத்தாய் ஓடி வந்து அந்தப் பிள்ளையைக் கட்டிக்கிட்டா.

அதுதான் முதல் புஸ்தகம். 'சங்கு பேசும் தீவு'ன்னு பேரு. பதினாலு வயசுப் பொண்ணு ஒருத்தி சங்கைக் காதுல வச்சா அது வழி சொல்லும். அவ தோணி ஏறிப் போயி, காத்தைப் பானையில அடைச்சு வச்சிருக்க ராட்சசியோட மல்லுக்கு நிப்பா. பள்ளிக்கூடத்துப் பையங்களும் பொண்ணுங்களும் அதைப் படிச்சிட்டு ஊருல ஒரு சங்கு விடலை, எல்லாத்தையும் காதுல வச்சிக்கிட்டு அலைஞ்சாங்க. இன்னும் ரெண்டு மாயக்கதை எழுதுனா. எல்லாம் எஸ்றா அச்சாபீஸ்லதான் அச்சாச்சு. கல்யாணக் கடிதாசும் கருமாதிக் கடிதாசும் அடிச்சிக்கிட்டு இருந்த மனுஷன் எஸ்றா. "அம்மா கதைக்கு அச்செழுத்துக் கோத்த பிறகுதான் எனக்கே நான் உசுரோட இருக்கது தெரியுது"ன்னு சொல்லுவாரு.

அதுக்குப் பிறகு அம்மாளுக்கு ராசா காலத்து ஆசை வந்துட்டு. கொற்கையில பாண்டியன் முத்துக்குளிச்ச காலத்தை நாவலா எழுதணும். 'கொற்கைச் சலாபம்'னு பேரும் வச்சாச்சு; சலாபம்னா முத்துக்குளிப்பு. கொற்கைக்கு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா. வெயில்ல ஒரு பகல் பூராவும் கண்மாய்க் கரையில நின்னு, "இங்கனதான் கப்பல் நின்னிருக்கும், அங்கனதான் முத்துக் கடை இருந்திருக்கும்"னு கையை நீட்டி நீட்டிக் காட்டுதா. எனக்குத் தெரிஞ்சது ரெண்டு எருமைமாடு. பழைய காசு என்ன, சேலை என்ன, ராணி தலையில வச்ச பூ என்னன்னு ஊரெல்லாம் விசாரிச்சு எழுதி வச்சா. ஆனா எங்க கடைக்கு முன்னால நாள் தவறாம நடந்து போற குளியாளுகளை, கடலுக்குள்ள முங்கிச் சங்கு எடுக்கவங்களை, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கலை. கண்ணு முன்னாலயே இருக்கவங்கதானே, கேக்க என்ன இருக்குன்னு நினைச்சிட்டா. நானும்தான் அப்படி நினைச்சேன். நான் கயிறு வித்தவனே ஒழிய, கயிறு பிடிச்சவன் இல்லை.

அப்ப ஜெர்மன் சண்டை முடிஞ்ச மறு வருஷம். தாளுக்குப் பஞ்சம். அதனால மாசம் ஒரு பாகமா, பத்துப் பாகமாப் போடுவோம்னு எஸ்றா சொல்லிட்டாரு. ஆறு பாகம் அமோகமாப் போச்சு. அதுல எல்லாரையும் விடப் பெரிய ரசிகன் மனுவேல். சங்கு குளிக்கவன். முத்துக்குளிப்பு நின்னு பதினெட்டு வருஷம் ஆச்சு. இப்ப எங்க கடல்ல சங்குதான். மனுவேலுக்குக் கயிறு பிடிக்கவன் சிலுவை, அவன் பொண்டாட்டியோட அண்ணன். இங்கன அதுதான் வழக்கம். தண்ணிக்குள்ள போறவன் உசுரு மேல நிக்கவன் கையில. கூடப்பிறந்தவனைக் கூட நம்ப மாட்டாங்க, மச்சானை நம்புவாங்க. தன் தங்கச்சி தாலி அந்தக் கயித்துலதான் இருக்குன்னு அவனுக்குத் தெரியும்லா.

ஏழாம் பாகம் வந்துச்சு. கதாநாயகன் ஆதன், பாண்டிய ராசாவுக்காகப் பெரிய முத்து எடுக்க ஆழத்துக்குப் போறான். மேல அவன் மச்சான் கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கான். கடைசி வரி: 'மச்சானின் கையிலிருந்து கயிறு நழுவி நீரில் விழுந்தது.' தொடரும்.

படிச்சிட்டு நானே, "ஏளா, பாவி, கொன்னுட்டியே"ன்னு கத்திட்டேன். அவ மோவாயைத் தூக்கிக்கிட்டு நிக்கா. "துரோகம்னா இப்படி இருக்கணும். யாரு விட மாட்டான்னு நினைக்கோமோ அவன் விடணும்"ங்கா. பெருமை தாங்கலை அவளுக்கு.

நாலு நாள் கழிச்சுக் காலையில சிலுவை கடைக்கு வந்தான். கையில ஏழாம் பாகம். அவனுக்கு எழுத்து தெரியாது. அதைத் தராசுத் தட்டுல வச்சிட்டு, "அண்ணாச்சி, மைனியைக் கூப்பிடும்"னான். சண்முகத்தாய் வந்தா.

"மைனி, நான் இனிமே கயிறு பிடிக்கலை."

"ஏன் தம்பி? பையங்க எதுவும் கேலி பண்ணுதாங்களா?"

"பண்ணுதாங்க. 'கயித்தை விட்டுராதீரும் மாமா'ன்னு போற வழியெல்லாம் கத்துதாங்க. அது கிடக்கட்டும், அதுக்காக நான் வரலை. மாப்ள இதைப் படிச்சிட்டு மறுநாள் குளிக்க வந்தான். மூணு தடவை இறங்குனான். மூணு தடவையும் பாதி மூச்சுல மேல வந்துட்டான். வந்த உடனே முதல்ல பாத்தது எங் கையை."

சண்முகத்தாய் தராசுத் தட்டுல கிடந்த புஸ்தகத்தை எடுத்துக்கிட்டா.

"அவன் ஒண்ணும் சொல்லலை. 'கதைதானே மச்சான்'னு சிரிக்கான். ஆனா மனசுக்குள்ள ஒரு சொட்டு விழுந்துட்டு. அப்படி விழுந்தா தண்ணிக்குள்ள மூச்சு தங்காது மைனி. பயந்து குளிச்சான்னா ஒருநாள் இல்லாட்டா ஒருநாள் உள்ளயே போயிருவான். அதான் கயித்தை வச்சிட்டு வந்துட்டேன். அவன் வேற ஆளோட போக மாட்டேங்கான். தோணி கரையில கிடக்கு."

சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சிக்கிட்டான். நல்ல ஓங்குதாங்கான ஆளு. பச்சப்பிள்ளை மாதிரி நிக்கான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு, யாரு மேலன்னுதான் தெரியலை.

அவன் போன பிறகு அவளை ஏசலாம்னு திரும்புனேன். அவ ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கா. "எஸ்றா எட்டாம் பாகத்தைக் கோத்துருவாரு. அதுல அந்த மச்சான் ஈழத்துக்கு ஓடிப் போறான்னு எழுதியிருக்கேன். வாங்க"ங்கா. ஓட்டமும் நடையுமாப் போனோம். எஸ்றா கோத்துதான் வச்சிருந்தாரு. பிரிக்கணும்னு சொன்னதும் மனுஷன் நாற்காலியில உக்காந்துட்டாரு. "அம்மா, பதினாறு பக்கம்! கண்ணு ரெண்டும் போச்சு!" ஏழாம் பாகத்தைத் திருத்தி அடிக்கலாம்னா தாள் கிடையாது. ஊரே படிச்சாச்சு வேற. கயிறு விழுந்தது விழுந்ததுதான். இனி எட்டாம் பாகத்துல அந்த மச்சானை நல்லவன் ஆக்கியாகணும். அவளுக்கு அஞ்சு நாள் குடுத்தாரு எஸ்றா.

அந்த அஞ்சு நாளும் எங்க வீட்டுல உப்பில்லாத குழம்புதான். நாலாம் நாள் சிலுவையைக் கூப்பிட்டு விட்டா. கடையில வச்சு அவளே வாசிச்சா. மேல நின்ன மச்சான் தண்ணிக்குள்ள சுறா நிழலைப் பாக்கான், கயித்தைப் போட்டுட்டுக் குதிக்கான், சுறாவோட கட்டிப் புரளுதான், மாப்பிள்ளையை மீட்டுக் கொண்டு வாரான். என்னமா எழுதியிருந்தாங்கிறீங்க! கருப்பட்டி வாங்க வந்த ஆளு கருப்பட்டியை மறந்துட்டு நிக்கான். சிலுவை கண்ணுல தண்ணி. துடைச்சிக்கிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு மைனி"ன்னான். எங்களுக்கு உசுரு வந்துச்சு.

"ஆனா குதிக்கக் கூடாது"ன்னான்.

"என்னது?"

"கயிறு பிடிக்கவன் குதிக்கவே கூடாது. அவனும் குதிச்சிட்டா யாரு இழுப்பா? இதைப் படிச்சா எங்க ஆளுக சிரிப்பாங்க."

சண்முகத்தாய்க்குக் கோவம் வந்துட்டு பாருங்க! தாளை எம் மடியில எறிஞ்சா. "பிடிச்சிக்கிட்டு நின்னா கயிறு ஏன் விழுது? விழுந்துட்டுன்னு அச்சாயிட்டுல்லா! ஒரு கயித்தை விடவும் செய்யணும் பிடிக்கவும் செய்யணும்னா நான் எங்க போவேன்? முட்டிக்கிட்டு சாவவா?"

சிலுவை அவளை ஒரு மாதிரி பாத்தான். "ஒரு கயிறா?"ன்னான். "கயிறு ரெண்டுல்லா மைனி!"

அவன் எழுந்திரிச்சு எங் கடையில தொங்குன கயித்துல ரெண்டை உருவுனான். ஒண்ணுல கருப்பட்டிச் சிப்பத்தைக் கட்டுனான். "இது கல்லுக் கயிறு. கல்லு மேல காலை வச்சுத்தான் ஆளு சர்ருன்னு கீழ போறது. போனதும் கல்லை மேல இழுத்துருவோம்." இன்னொண்ணை என் இடுப்புல கட்டுனான். நானும் சவம் மாதிரி நின்னேன். "இது ஆளுக் கயிறு. உசுரு இதுல இருக்கு. இந்தக் கையில அது, இந்தக் கையில இது." அப்படியே கண்ணை மூடிக்கிட்டான். "கல்லு பாதி ஏறுது. அப்ப ஆளுக் கயிறு வெட்டி இழுக்குது. கீழ என்னமோ ஆபத்து. என்ன செய்வேன் மைனி?"

சண்முகத்தாய் வாயைப் பொத்திக்கிட்டா. "கல்லுக் கயித்தை விட்டுருவீரு."

"விட்டுருவேன். விட்டாத்தானே ரெண்டு கையாலயும் மாப்ளையை இழுக்க முடியும்? கல்லு போனா வேற கல்லு."

சொன்னவன் என்னை ஒரு இழு இழுத்தான் பாருங்க, நான் போயி மிளகாய் மூட்டை மேல விழுந்தேன். அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. தாளை எடுத்து அங்கனயே தரையில உக்காந்து எழுதுதா. எழுத எழுத அழுதா, இடையில சிரிச்சா. எனக்குக் கோட்டி பிடிச்சவளைக் கட்டுனோமோன்னு தோணுச்சு. மச்சான் நல்லவன் ஆயிட்டான்னா கெட்டவன் யாருன்னு கேட்டேன். "கொற்கைக் கடைவீதியில ஒரு கடைக்காரன்"னா. அவனுக்கு வழுக்கை, தொப்பை, சாப்பாட்டுல குறை சொல்லுத புத்தி. அன்னைக்கு ராத்திரி உப்பில்லாத குழம்பை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எட்டாம் பாகம் சொன்ன தேதிக்கு வந்துச்சு. மனுவேல் கடை முன்னால நின்னு சத்தம் போட்டு வாசிச்சான். ஒரு கூட்டமே கேக்குது. சிலுவை கொஞ்சம் தள்ளி, கேக்காதவன் மாதிரி கடலைப் பாத்துக்கிட்டு நிக்கான். 'கல்லுக் கயிற்றை அவன் உதறினான். இரண்டு கையாலும் தன் தங்கையின் வாழ்வைப் பற்றினான்'ங்கிற இடத்துல மனுவேல் நிறுத்திட்டான். புஸ்தகத்தைப் பக்கத்துல நின்னவன்ட்ட குடுத்துட்டு நேரா சிலுவைட்ட போனான்.

"மச்சான், நான் கோட்டிக்காரன். மன்னிச்சிரும். கதையைப் படிச்சிட்டு உம்ம கையைப் பாத்தேன் பாத்தீரா, அன்னையில இருந்து உம்ம தங்கச்சி எனக்குச் சோறு போட்டாலும் எம் முகத்தைப் பாக்க மாட்டேங்கா."

சிலுவை மெதுவாச் சிரிச்சான். "கதைதானே மாப்ள"ன்னான்.

மறுநாள் விடிஞ்சு வெளிச்சம் வந்த உடனே சண்முகத்தாய் கடற்கரைக்குக் கிளம்பிட்டா, நானும் கூடப் போனேன். தோணியைத் தண்ணிக்குள்ள தள்ளியாச்சு. மனுவேலோட பொண்டாட்டி கரையில நிக்கா. சண்முகத்தாய் அவ பக்கத்துல போயி நின்னா. கேலி பண்ணுன பையங்க அத்தனை பேரும் எங்க இருந்துதான் வந்தாங்களோ, முழங்கால் தண்ணியில இறங்கித் தோணி கூடவே ஓடுதாங்க. "ரெண்டு கையாலயும் பிடியும் மாமா! ரெண்டு கையாலயும்!"னு தொண்டை கிழியக் கத்துதாங்க.

சிலுவை தோணியில எழுந்திரிச்சு நின்னான். ஆளுக் கயித்தை எடுத்து, ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிக் காட்டுனான். என் பக்கத்துல நின்ன மனுவேல் பொண்டாட்டி, "எங்க அண்ணன்"னு சண்முகத்தாய்ட்ட சொன்னா.