நாலு விரற்கடை கூடுதல்

ஞாயிறு மதியப் பாத்திரங்களை அவர்தான் கழுவுகிறார், கொஞ்ச நாளாகக் குதிகாலைத் தரையில் வைக்காமல். கடைசிக் கரண்டி வரைக்கும் நுனிக்காலில்தான் நிற்பார். “கெண்டைக்கால்ல பலம் இருந்தா எந்த வண்டியும் நம்ம பேச்சக் கேக்கும்” என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பேச்சைக் கேட்காத பீங்கான் தட்டுகள் சில உடைந்துபோயின. மனைவி இப்போது எவர்சில்வர் தட்டில்தான் பரிமாறுகிறாள்.

தெருவில் அவருக்குக் கர்ட்டன்காரர் என்று பெயர். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து வருவார். மனைவி தைத்துக் கொடுப்பதைக் கொண்டுபோய் மாட்டுவார். ஆள் குள்ளம், ஆனால் ஏணியில் ஏறிவிட்டால் வேறு மனிதர். அங்கே நின்றுகொண்டு, வீட்டுக்காரரின் வழுக்கையைப் பார்த்தபடி, சோபாவை எந்தப் பக்கம் போடலாம், பெண்ணை என்ன படிக்க வைக்கலாம் என்றெல்லாம் சொல்லுவார். கீழே இறங்கியதும் பேச்சு நின்றுவிடும்.

நாற்பத்தாறு வயதில் அவருக்குப் பெரிய பைக் ஆசை வந்தது. லைசென்ஸும் வாங்கிவிட்டார். வண்டிதான் பாக்கி.

எதை அளந்தாலும் நாலு விரற்கடை கூட்டிக்கொள்வது அவர் பழக்கம். “துணி கொறஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. கூடினா மடிச்சுக்கலாம்.” தொழிலுக்குச் சரிதான். சுவரில் முதுகைச் சாய்த்துத் தன் காலை அளந்தபோதும் கை தன்னால் நாலு விரற்கடையைக் கூட்டிவிட்டது. அந்தக் காலுக்குப் பொருத்தமாக ஒரு வண்டியை ஷோரூமில் பார்த்து வைத்திருந்தார். காடு மேடு தாண்டுவதற்கென்றே செய்த, ஒட்டகம் மாதிரி ஒன்று. அவர் தினமும் போகிற வழியில் மேடு என்றால் வேகத்தடை மட்டும்தான்.

மனைவியின் தம்பி ஆறடி ஆள். வீட்டுக்குள் குனிந்துதான் வருவான். “மாமா, ஸ்டூல் போட்டு ஏறிடுவீங்க, சரி. சிக்னல்ல நிக்கறப்ப ஸ்டூல் யாரு போடுவா?”

“சிக்னல்ல எதுக்குடா நிக்கணும்? நான் பச்சையில போறவன்.”

மனைவி சிரிக்கவில்லை. “கால் ஒடஞ்சு நீங்க படுத்தா, ஏணியில நான் ஏறணும். அப்ப தையல யாரு பாக்கறது? ரெண்டு பேர் கையும் ஓடினாத்தான் இந்த வீடு ஓடும்.” கல்யாணம் ஆனதிலிருந்து அவர் கூட்டுவதை அவள் கழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். துணியென்றால் கத்தரிக்கோல் போதும். ஆசையை எதைக்கொண்டு வெட்டுவது?

ஒரு நாள், அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும் என்று ஷோரூமில் கூப்பிட்டிருந்தார்கள். கனத்த அடி வைத்த பூட்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு போனார். அவளும் கூடவே போனாள். அவர் ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார். இடது பெருவிரல் தரையைத் தொட்டபோது வலது கால் அந்தரத்தில் ஆடியது. வலதை இறக்கினால் இடது ஆடியது.

“ரெண்டு காலையும் ஊனணும்னா நடந்தே போயிடலாமே!” என்று விற்பனைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு ஸ்டாண்டைத் தட்டினார்.

வண்டி நிதானமாகச் சாய்ந்தது. விற்பனைப் பெண் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், வாசலில் இருந்து ஓடி வந்த காவலாளி பின்னால் என்று மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் மட்டும் ஹேண்டிலை விடவில்லை.

“பேலன்ஸ் நல்லாருக்கு” என்றார், மேலிருந்து.

இறங்கும்போது விற்பனைப் பெண் மூலையில் இருந்த ஒரு தாழ்ந்த வண்டியைக் காட்டினாள். “இஞ்சின் ரெண்டுக்கும் ஒண்ணுதான் சார். சீட்டுதான் கொஞ்சம் கீழ. லேடீஸ் நிறைய பேரு எடுக்கறாங்க.” கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் மேற்கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மனைவி, “எனக்குக் கால் கடுக்குது” என்று போய் அந்த வண்டியின் மேல் உட்கார்ந்தாள். சௌகரியமாக, கைப்பையை டேங்கின் மேல் வைத்துக்கொண்டு.

“ஏய், எந்திரி. ஸ்டாண்டு சரியா நிக்குதானு பாக்கணும்.”

அவள் எழுந்துகொண்டாள். ஸ்டாண்டைச் சோதிக்கத்தான் அவர் உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. வண்டியை நிமிர்த்தினார்; அது நின்றது. யாரும் பிடிக்கவில்லை. சோதனை முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“என்னங்க, இதுக்கே பில் எழுதச் சொல்லிடட்டுமா?” என்றாள் மெதுவாக.

பக்கக் கண்ணாடிகள் எந்த நெட்டை ஆளுக்காகவோ திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அவருக்கு மேற்கூரை விளக்குகள் மட்டுமே தெரிந்தன. இடது கண்ணாடியைப் பிடித்துத் தன் முகம் தெரிகிற வரைக்கும் கீழே சாய்த்தார். பிறகு வலதையும். அதில் பட்டிருந்த விரல் ரேகையைக் கைக்குட்டையால் துடைத்தார். இறங்கி, அவளுக்கும் விற்பனைப் பெண்ணுக்கும் நடுவில் புகுந்து, பூட்ஸ் சத்தம் கேட்க வெளியே போய்விட்டார். அவள் கைப்பையைத் திறந்து முன்பணத்தை எடுத்தாள்.