மூன்றாம் குமிழின் வெட்டு

எங்கள் மாடி அறையில், எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையின் மேல் ஒரு சிறு ரயில்பாதை இருக்கிறது. நானும் என் தங்கை கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டியது. பாதை இரண்டாகப் பிரியும் இடங்கள் ஏழு. அவற்றை மாற்ற மோட்டார் வாங்கலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை.

"மோட்டார் வெச்சா நம்ம கைக்கு என்னங் மச்சான் வேலை? சும்மா வேடிக்கை பாக்கறதுக்கு டிவி போதுமே."

ஆகவே கையால் மாற்றும்படி செய்தோம். பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் பலகைக்கு அடியில் ஓடவிட்டு, ஒரு முனையை நகரும் தண்டவாளத்தோடும் மறுமுனையைப் பலகை விளிம்பில் ஒரு மரக்குமிழோடும் இணைத்தோம். குமிழைத் தள்ளினால் நேர்ப்பாதை, இழுத்தால் கிளைப்பாதை. கம்பி எவ்வளவு நகர வேண்டும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

இழுத்தால் சிவப்பு தெரியும்படி கம்பிகளுக்கு வண்ணம் அடித்தேன். "பட்டையா அடிங்க மச்சான், பொட்டு வெச்சாப்பல இருக்குது" என்றார். பட்டையாக அடித்தேன். அடுத்து, கம்பி நிற்கவேண்டிய இரண்டு இடங்களிலும் அது விழுந்து உட்கார ஒரு வெட்டு வேண்டும் என்றார். டக்கென்று விரலுக்குத் தெரிய வேண்டுமாம். நல்ல யோசனை. பித்தளைத் தகட்டில் அரத்தால் வெட்டுப் போட்டுக் கொடுத்தேன். பிறகு, எண்களுக்குப் பதில் குமிழருகே ஆணி அடிக்கச் சொன்னார். முதல் குமிழுக்கு ஓர் ஆணி, இரண்டாவதற்கு இரண்டு. அதையும் செய்து, எழுதியும் வைத்தேன்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, தேய்ந்துபோயிருந்த மூன்றாம் தகட்டைக் கழற்றிவிட்டு, அவரிடம் சொல்ல மறந்துபோனேன். அவர் மூன்று ஆணிகளைத் தடவி, குமிழை இழுத்தார். தண்டவாளம் பாதியில் நின்றது. இடைவெளி கதவருகே நின்ற எனக்கே தெரிந்தது. அவர் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"செரியா ஒட்டியிருக்குதுங். உடுங்க."

விளையாடுகிறார் என்று நினைத்து ரயிலை ஓடவிட்டேன். எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் கவிழ்ந்தன.

"ஏனுங் மாப்ளே, கண்ணைப் பொறத்தால பொடனீல வெச்சிருக்கறீங்ளா?"

அவர் சிரிக்கவில்லை. கவிழ்ந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"சக்கரை கண்ணுல எறங்கிருச்சாமா. கோயமுத்தூர்ல ஊசி போடோணும்னாங்க. நடுவுலதானுங் பொகையாட்டம் இருக்குது. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது."

அவர் ஓட்டுவது பள்ளி வேன். தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டி, பெருமாட்டிப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அருகிலுள்ள சித்தூர் போவார்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வண்டிய எடுக்க உடுவாளா?"

"நாளைக்கு எடுக்காதீங்க."

"பழகின ரோடுங் மச்சான். பரீட்சை வேற நடக்குது, பிள்ளைங்க காத்துட்டு நிக்கும்."

"அதனாலதான் சொல்றேன்."

"வேனை உட்டுட்டு என்ன பண்ணட்டும்? உங்க பொம்மை ரயிலுக்கு டிரைவராகட்டுமா?"

பதில் சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். நாட்குறிப்பைப் புரட்டினேன். பட்டை, வெட்டு, ஆணி. எல்லாம் என் கையெழுத்தில், தேதியோடும் அளவோடும், வரிசையாக இருந்தன. முதல் பட்டை அடித்து எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் காலையில் அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

மாலைக்குள் வேன் முதலாளிக்குப் போன் செய்துவிட்டேன். மறுநாள் வேறொருவர் வண்டியை எடுத்தார். மத்தியானம் தங்கை கூப்பிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு ஓனர்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே, அண்ணா."

சொல்லியிருக்கலாம். அவள் அழுதால் நான் வாயை மூடிக்கொண்டுவிடுவேன் என்ற பயத்தில்தான் சொல்லவில்லை. அதைக்கூட அவளிடம் சொல்ல வரவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை.

நான்கு ஞாயிறுகள் யாரும் மாடியேறவில்லை. ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே மாடியேறிப் பலகை முன் உட்கார்ந்தார். ஆணிகளைத் தடவி மூன்றாவதை இழுத்தார். அது எங்கும் நிற்காமல் வழுக்கி வந்தது.

"இன்னும் வெட்டுப் போடலீங்ளா?"

"இல்லீங்." அரத்தைத் தேடியபடி கேட்டேன். "ஊசி போட்டாச்சா?"

"ரெண்டு போட்டாச்சு. ஒண்ணும் வித்தியாசம் தெரியலீங்."

அரத்தையும் புதுத் தகட்டையும் எடுத்தேன். ஆடாமலிருக்கத் தகட்டின் முனையை அவர் பிடித்துக்கொண்டார். அரத்தை நாலைந்து முறை இழுத்திருப்பேன், திருப்பத்தில் பள்ளி வேனின் ஹாரன் கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை. தகட்டைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

"ரெண்டு நிமிசம் லேட்டு" என்றார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிடம்தான்.