எண்ணூரில் திரும்பிய ஆகாய விமானம்

சபையாரே, நான் மேடையில் நின்று பேசிப் பழகாதவன். இஞ்சின்களோடு பழகியவன். நான் எவ்வளவு திட்டினாலும் அவை கோபித்துக்கொள்வதில்லை. ஆனாலும் ஆண்டவர் என் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இதில் என் மானம் போகிற பகுதி ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் யாக்கோபு. ராயபுரத்தில் கடலைப் பார்த்த சந்தில் குடியிருக்கிறேன். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். யானைக்கவுனியில் வெல்ல மண்டி வைத்திருக்கும் ரத்தினசாமி அண்ணாச்சி, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு சின்ன ஆகாய விமானம் வாங்கினார். மேலே கூரை கிடையாது. தலைக்கு மேல் வானம்தான். அதை அவரே ஓட்டுவார். பராமரிக்க என்னை வைத்துக்கொண்டார். அவருடைய சொந்தக்காரர்களெல்லாம் அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு நிதானமான மனுஷனை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று.

விமானம் பரங்கிமலைப் பக்கத்து மைதானத்தில் இருந்தது. நான் தினம் காலையில் கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிப் போவேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது எனக்கு ஒரு வேலை உண்டு. கடலைப் பார்க்க வேண்டும். கட்டுமரங்கள் இறங்கினவா, துறைமுகத்துக் கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய் அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். மலைப் பக்கம் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும், என் வாயிலிருந்து அந்த இரண்டு பதிலும் வராமல் அவர் விமானத்தில் கால் வைக்க மாட்டார். "மீன்காரன் பயப்படுத அன்னைக்கு நாமளும் பயப்படணும்" என்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் என் மனைவி ரூத், நாலு வயது மகள் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்கு அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள். போன இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. ஒரு மத்தியானம் மைத்துனரிடமிருந்து தந்தி வந்தது. குழந்தையின் தொண்டையில் வெள்ளைப் படலம் கட்டியிருக்கிறது, மூச்சு முட்டுகிறது, அங்கே உள்ள டாக்டரிடம் அதற்கான ஊசி மருந்து இல்லை, உடனே கொண்டு வா.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி மருந்தை வாங்கிவிட்டேன். ஒரு கைக்குள் அடங்குகிற பெட்டி. ஆனால் கொண்டு போக வழி இல்லை. சாலை தண்ணீருக்குள் இருந்தது. பழவேற்காட்டுக்குப் போகும் கால்வாய்ப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். கரை எங்கெங்கே உடைந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை, தெரியாத கால்வாயில் படகு விட மாட்டோம் என்றார்கள். ஒவ்வொருவர் காலிலும் விழாத குறைதான். கடைசியில் மண்டிக்குப் போய் அண்ணாச்சி முன்னால் நின்றேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்:

"நாளைக்குக் காலையில வானம் விட்டா போவோம். வரும்போது கடலைப் பாத்துட்டு வா."

விடிந்தது. மழை நின்றிருந்தது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே கடற்கரைக்கு ஓடினேன். கட்டுமரங்கள் அத்தனையும் மணலில் கிடந்தன. எங்கள் சந்துக்காரன் கோவிந்தன் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா யாக்கோபு, மானத்தப் பார்த்து ஏமாந்துடாத. கொண்டல் காத்து ஏறிக்கினு வருது. இன்னிக்கு ஒருத்தனும் எறங்கல. அங்க பாரு, கூண்டு ஏத்திகீறான்."

பார்த்தேன். கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ரயிலில் போகும்போது ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல ஆசைதான். பண்ணவில்லை. கணக்குப் போட்டேன். பழவேற்காட்டுக்கு அரைமணி நேரப் பயணம். அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மைதானத்தில் வெயில் லேசாக அடித்தது. அண்ணாச்சி கேட்டார்: "மரம் எறங்கிச்சா?"

"எறங்கிச்சு அண்ணாச்சி."

"கூண்டு?"

"இல்லீங்க."

விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினேன். மருந்துப் பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினேன். அண்ணாச்சி பின் இருக்கையில். இருவருக்கும் நடுவே பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய். கிளம்பினோம்.

என் புத்தியைப் பாருங்கள். இத்தனை நாள் விமானத்தோடு பழகியும், மேலே போனால் கீழே எல்லாம் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. துறைமுகம் வந்தது. கூண்டு பளிச்சென்று தெரிந்தது. ராயபுரத்துக் கரை வந்தது. திருவொற்றியூர்க் கரை வந்தது. வரிசை வரிசையாகக் கட்டுமரங்கள், எல்லாம் மணலில். தண்ணீரில் ஒன்றுகூட இல்லை.

குழாயில் அண்ணாச்சியின் குரல் வந்தது. கோபமே இல்லை. "யாக்கோபு, ஒரு மரமும் எறங்கலையே."

என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் நான் பட்டதில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சிடுங்க" என்றேன். பிறகு அவர் சொன்னார்: "எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போறேன். அங்கேயிருந்து பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கு தெரிஞ்சா மேல போவோம். தெரியலைன்னா திரும்பிருவேன். அப்போ நீ என்னை ஒண்ணும் கேக்கப்படாது."

அப்போதுதான் நான் உண்மையாக ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, நான் பொய்யன். என்னை என்ன வேண்டுமானாலும் செய். குழந்தை ஒன்றும் செய்யவில்லை. இந்த மேகத்தைத் திற. கத்தித்தான் கேட்டேன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது.

மேகம் திறக்கவில்லை. எண்ணூருக்கு வடக்கே வானமும் கடலும் சேர்ந்து ஒரே கறுப்பாக நின்றது. கலங்கரை விளக்கைக் காணோம். விமானம் காற்றில் தூக்கித் தூக்கிப் போட்டது. "போயிடலாம் அண்ணாச்சி, கொஞ்ச தூரம்தான்" என்று கெஞ்சினேன்.

"நீயும் நானும் போனா அந்தப் பெட்டியும் போயிரும். அப்புறம் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

இறக்கை சாய்ந்தது. திரும்பிவிட்டார். மேலே இருக்கிறவருக்குக் காது இல்லை என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன்.

தெற்கேயும் மழை மூடிவிட்டது. துறைமுகம் தெரியவில்லை. சடையங்குப்பம் பக்கம் முழுக்க ஏரி போலக் கிடந்தது. பரங்கிமலை வரை போய்ச் சேர முடியுமா என்று அவர் தயங்கிக்கொண்டிருக்கவில்லை. "கண்ணுக்கு மணல் தெரியுதப்பவே எறங்கிரணும்" என்றார். ஆனால் உடனே இறங்கவும் இல்லை. மேகத்துக்குக் கீழே தாழ்ந்து, கால்வாயை ஒட்டியே கொஞ்ச தூரம் வடக்கே போய், கறுப்பைத் தொடுவதற்கு முன் வளைந்து வந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. பிறகு எண்ணூர்க் கரையில், அலை நனைத்து இறுகிய மணலில், குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி இறக்கினார்.

குப்பத்து ஆட்கள் ஓடி வந்து, காற்று புரட்டிவிடாதபடி இறக்கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் வேலாயுதம் என்னைப் பார்த்து, "இன்னா நைனா, இந்தப் பேய்க் காத்துல எங்க கெளம்பிட்ட?" என்றார். நான் மணலில் உட்கார்ந்து பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். அண்ணாச்சிதான் விஷயத்தைச் சொன்னார். பிறகு ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டார்.

"இது கால்வாய். நான் இப்ப மேல இருந்து பாத்துட்டு வாரேன். கண்ணுக்கு எட்டின மட்டும் கரை முழுசா இருக்கு. காட்டுப்பள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு உடைப்பு. அதுக்கு முந்தியே கடல் பக்கமா ஒதுங்கிருங்க. அங்கே மணல் மேடு தண்ணிக்கு மேல நிக்கு. படகை இழுத்துத் தாண்டிட்டா அப்புறம் தண்ணி அமைதியா கெடக்கு."

வேலாயுதம் அந்தக் கோட்டையே பார்த்தார். "உடைப்பு எங்கன்னு தெரியாமத்தான் படகு வுடாம குந்திகினு கீறோம். நீ கண்ணால பார்த்தியா?"

"பாத்தேன்."

"அப்ப இன்னா பேஜாரு? வாங்கடா."

நாலு பேர் வந்தார்கள். நான் ஐந்தாவது. எதிர்க்காற்றில் கயிறு கட்டிக் கரையில் நடந்தே படகை இழுத்தோம். மழை முகத்தில் அறைந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்தது. உடைப்பு அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. மணல் மேடும் அவர் சொன்னபடியே இருந்தது. அந்த மேட்டில் படகைத் தள்ளும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் மேகத்தில் வழி கேட்டேன். ஆண்டவர் தண்ணீரில் வழி வைத்திருந்தார். திரும்பத் தெரிந்த ஒரு மனுஷனின் கண்களைக் கொண்டு அதைக் காட்டினார். ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பக்கத்தில் ஒரு தகப்பன் கதறும்போது திரும்புவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! திரும்புகிற நேரத்திலும் அந்தக் குழந்தைக்கு வேறு வழி தேட எவ்வளவு அன்பு வேண்டும்!

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். எஸ்தரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ரூத் என்னைப் பார்த்ததும் பெட்டிக்காகக் கையை நீட்டினாள். டாக்டர் ஊசி போட்டார். மறுநாள் மதியம் குழந்தை கஞ்சி கேட்டது. குரல் தகரம் உரசுகிற மாதிரி இருந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காற்று அடங்கியதும் எண்ணூருக்கு வந்தேன். விமானத்தைப் பனைமரங்களோடு கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்க இறக்கைத் துணி கிழிந்து தொங்கியது. அண்ணாச்சி வேலாயுதத்தின் குடிசையிலேயே தங்கி அதைக் காவல் காத்திருந்தார். தாடி முளைத்து, லுங்கி கட்டிக்கொண்டு, ஆள் அடையாளமே தெரியவில்லை. காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை மூச்சு விடுதாடே?"

"நல்லா விடுது அண்ணாச்சி."

கண்ணை மூடிக்கொண்டார். முருகனைத்தான் நினைத்திருப்பார். பிறகு கேட்டார்: "ஏன் பொய் சொன்னே?"

"உண்மையச் சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூண்டு ஏத்தியிருக்கு, மரம் எறங்கலை, ஆனா என் பிள்ளை சாகக் கெடக்குன்னு உள்ளதச் சொல்லிக் கேட்டிருந்தாலும் வந்திருப்பேம்லா. எண்ணூர் வரைக்கும் போயிப் பாப்போம்னுதான் சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்லியே."

சபையாரே, உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி இருக்கும்: அந்தப் பொய் சொல்லாவிட்டால் குழந்தை பிழைத்திருக்குமா என்று. அதற்கு அண்ணாச்சி அன்றே பதில் சொல்லிவிட்டார். என் பொய் யாருக்கும் உதவவில்லை. அது, அவ்வளவு நல்ல மனுஷனை நான் நம்பவில்லை என்பதை மட்டும் காட்டியது. வேறொரு சாமியைக் கும்பிடுகிற அவர் வாயிலிருந்து என் ஆண்டவர் என்னிடம் பேசினார் என்றே நான் நம்புகிறேன். யாராவது அதை மறுத்தால் சண்டைக்கு வருவேன்.

அதுவரை நான் பண்ணின ஜெபமெல்லாம் பேரம்தான். நல்லவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பாதியைச் சொல்லிப் பாதியை ஒளித்துக் கேட்பேன். இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் நோய் இருக்கலாம், வழி அடைபட்டிருக்கலாம். பயப்படுகிறேன் என்றால் பயப்படுகிறேன் என்றே சொல்லுங்கள். தப்புப் பண்ணினேன் என்றால் அதையும் சொல்லுங்கள். உள்ளதைச் சொன்னால் ஆண்டவர் வரமாட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வருவார். கேளுங்கள்.