கண்ணில் ஒற்றிய கையெழுத்து

என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். கண்டரமாணிக்கத்து ஊருணி, மழை இறங்குவதற்குச் சற்று முன். கீழே வெள்ளை ஓரத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். மை கொட்டிவிட்டது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது எங்கள் முதலாளியின் கடைசிக் கையெழுத்து. அதை அழித்தவள் நான்.

காரைக்குடியில் அவருடைய ஸ்டுடியோவில் பன்னிரண்டு வருஷம் பிரிண்ட் போட்டேன். கல்யாணப் படம் வயிற்றுப்பாட்டுக்கு. அவர் மனசுக்குப் பிடித்து எடுத்தவற்றை மட்டும் பூச்சுப் பூசிய தாளில் இங்க்ஜெட்டில் போடுவோம். அது ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும். அதன்மேல் போடும் கையெழுத்தோ உள்ளே இறங்காமல் பூச்சின் மேலேயே ஈரமாக நிற்கும். "பொறந்த பிள்ளை மாதிரித்தா, தொட்டுத் தொட்டுப் பாக்கக் கூடாது" என்பார்.

போன வருஷம் அவருக்குக் கைநடுக்கம் வந்தது. வெளியூரிலிருக்கும் மகள், அப்பா கையெழுத்தோடு ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். மூன்று நாள் வெறும் தாளில் எழுதிப் பழகினார். நாலாம் நாள் காலையில், இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இந்த ஊருணிப் படத்தின் ஓரத்தில் போட்டார். ஓர் எழுத்தும் கோணவில்லை. "போட்டுட்டேன் பாத்தியா!" என்று சிரித்தார்.

அந்நேரம் பார்த்து ஃபேன் காற்றில் படம் நழுவி என் காலில் விழுந்தது. தாளில் கால் பட்டுவிட்டதே! யோசிக்கவா செய்தேன்? குனிந்து மூன்று விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இமையில் ஈரம் பட்ட பிறகுதான் மை அப்பிய பாழாய்ப்போன விரலைப் பார்த்தேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கும்பிட்டதுக்கு எப்படித்தா வைய முடியும்? இன்னொண்ணு போடு, காஞ்சதும் எழுதுவோம்" என்றார். போட்டேன், காய்ந்தது. அவர் கைதான் அப்புறம் படியவில்லை. ஒரு மாதம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்து மகள் கடைக்கு வந்தாள். இரண்டு படங்களையும் எடுத்து வைத்து நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையெழுத்தில்லாததை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பா கையெழுத்து உங்களுக்குத் தெரியும்ல அக்கா? நீங்களே போட்டுக் குடுத்துருங்களேன்."

தெரியும். கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். பேனாவைத் திறந்தேன், மூடினேன். என்னால் ஆகவில்லை. வேறு வழி தெரியாமல் கலைந்த படத்தை நீட்டினேன்.

"அதுல உங்க விரல்தானே அக்கா இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெற்று ஓரத்தோடு இருந்த மற்றதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தினமும் கடை திறந்ததும் இந்தத் தீற்றலைத்தான் பார்க்கிறேன். அவள் சொன்னது சரிதான். மூன்று விரல். மூன்றும் என்னுடையவை.