மீன் செதிலில் பந்தல் போட்டவர்

நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. கோதை அக்காவின் அப்பா பேசினார். "சேவியர், நம்ம கோதை நேத்து ராத்திரியே போயிட்டாப்பா."  அக்காவைக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தது எங்களுக்குத் தெரியும். தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது என்பது தெரியாது. அப்பா ஆணியில் தொங்கிய ஆட்டோ சாவியை எடுக்க எழுந்தார். இரண்டு அடி வைத்ததும் கட்டுப் போட்டிருந்த கால் தாங்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். திருவானைக்காவலிலிருந்து டவுன் பஸ்ஸில் அவரைக் கைத்தாங்கலாக ஸ்ரீரங்கம் கூட்டிப்போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவை எடுத்துப் போயிருந்தார்கள்; வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க எழுதித் தரும்படி அக்காவின் ஆய்வகத் தோழிகளான நீங்கள் கேட்டீர்கள். உங்களுக்கு அவர் வெள்ளைக் கோட்டு போட்ட கோதை. எனக்கு அவர் அப்பாவின் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். அவர் யூனிபார்ம் போட்ட காலத்திலிருந்தே அப்பாதான் அவரைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டவர். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகும் அப்பாவுக்கு அவர் 'பாப்பா'தான். காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய் அவரை அழைத்து, காவிரிப் பாலம் தாண்டி, முதலில் என்னைப் பள்ளியிலும் பிறகு அவரைக் கல்லூரியிலும் இறக்கிவிடுவார்.

ஒருநாள் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அப்பா திரும்பிப் பார்த்து, "அப்படி என்னதான் பாப்பா செய்யற அங்க?" என்று கேட்டார்.

"பந்தல் போடறேன் அண்ணா."

"கல்யாணப் பந்தலா?"

"எங்கம்மா மாதிரியே பேசறீங்களே! இது அவரைக்கொடிப் பந்தல். சதை போன இடத்துல புதுச் சதை வளரணும்னா அது பிடிச்சு ஏற ஏதாவது வேணும். மீன் செதில்லேருந்து ஜெலட்டின் எடுத்து, தண்ணி தளும்பற ஜெல்லா பண்ணி அங்க வெச்சா, நம்ம செல்லெல்லாம் அதைப் பிடிச்சுண்டு ஏறும். ஏறினப்புறம் பந்தல் தானா கரைஞ்சு போயிடணும். சீக்கிரம் கரைஞ்சாலும் தப்பு, கரையாம நின்னாலும் தப்பு. அதுலதான் என் உயிர் போறது."

அன்று முதல் என் அம்மா மீன் கடையில் சொல்லிவைத்து, கட்லா மீனின் செதிலைப் பையில் வாங்கி வந்து மொட்டை மாடியில் காயப்போட்டார். அக்கா அந்தப் பையை ஆட்டோவிலேயே வாங்கிக்கொள்வார். வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். ஒருமுறை மறந்து கொண்டுபோய்விட்டார். மறுநாள் காலை நாங்கள் போனபோது அவருடைய அம்மா வாசலில் நின்று, பையைச் சுட்டிக்காட்டி, "ஏண்டி, இதைத் தொட்ட கையோடவா பெருமாளைச் சேவிக்கப் போறே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தீர்த்தமாடிட்டுத்தாம்மா போவேன். அவரே மத்ஸ்யாவதாரம் எடுத்தவர், அவர் உடம்புலயும் செதில் இருந்திருக்கும். கோச்சுக்க மாட்டார்."

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அப்பாவின் புண்ணை முதலில் கண்டுபிடித்தவரும் அக்காதான். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. பிரேக் மிதிக்கிற வலது காலில் புண் வந்ததை வீட்டில் சொல்லாமல் சாக்ஸ் போட்டு மறைத்திருந்தார். ஒருநாள் புண்ணின் வாடை வந்ததும் அக்கா ஆட்டோவை ஓரங்கட்டச் சொன்னார். "அண்ணா, சாக்ஸைக் கழட்டுங்க." அப்பா சிரித்து மழுப்பினார். "கழட்டுங்க, இல்லைன்னா நான் இங்கேயே இறங்கிடுவேன்." அன்றே மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். எடுத்த இடம் மூடவில்லை. ஆட்டோ தார்ப்பாய்க்குள் போனது.

அதன்பிறகு அக்கா மாலையில் பஸ்ஸில் வந்து எங்கள் தெருவில் இறங்குவார். கட்டைப் பிரித்து, மருத்துவர் சொன்னபடி புண்ணைக் கழுவி, புதுக் கட்டுப் போடுவார். அந்த வாடைக்கு நானே முகத்தைத் திருப்பியிருக்கிறேன். அவர் திருப்பியதில்லை. விளக்கைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, குனிந்து பார்ப்பார். "இந்த ஓரம் கொஞ்சம் சிவந்திருக்கு. அந்த ஓரம் நேத்து மாதிரியேதான் இருக்கு" என்று உள்ளதைச் சொல்வார்.

ஒரு மாலை அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கண்ணாடித் தட்டில் செல்களை வளர்த்து, நடுவில் கீறிவிட்டு, கீறல் மூடுகிறதா என்று பார்ப்பார்களாம். அவருடைய புது ஜெல்லில் அது அவர் நினைத்ததைவிட வேகமாக மூடிவிட்டது. "ஆனா ஒண்ணு அண்ணி, இந்தத் தடவை ஜெல் லேசா சந்தன நிறத்துல இருக்கு. ஏன்னு புரியல" என்றார் அம்மாவிடம்.

அம்மா பெருமையாகச் சொன்னார்: "மஞ்சளா இருக்கும் பாப்பா. புண்ணுல வைக்கப்போற மருந்துன்னு சொன்னீங்க. கவிச்சியோட அனுப்பலாமா? இந்தத் தடவை மஞ்சத்தூள் கரைச்சு, ராத்திரி முழுக்க ஊறவச்சுக் காயவச்சேன்."

 அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "அப்போ மூடினது என் ஜெல்லாலயா, உங்க மஞ்சளாலயான்னு எனக்குத் தெரியாது அண்ணி. எல்லாத்தையும் மறுபடியும் ஆரம்பிக்கணும்." அம்மா அழ ஆரம்பித்தார். "நீங்க ஏன் அழறீங்க? எப்படிக் கழுவறீங்கன்னு நான்தானே கேட்டிருக்கணும்?"

நான்தான் குறுக்கே பேசினேன். "எதால மூடினா என்னக்கா? மூடுச்சுல்ல? அதை அப்பாவுக்குப் போடுங்க."

"தட்டுல மூடித்து ஜெனி. அது உங்கப்பா கால் இல்ல. அந்த ஜெல்லுல கிருமி இருக்கா இல்லையான்னே இன்னும் முழுசாப் பாக்கல. எலிக்குக்கூடப் போடல. சர்க்கரை இருக்கற கால்ல வெச்சு, மிச்சம் இருக்கறதும் போயிட்டா?"

"எதுவும் போடாமலே போயிட்டா?"

 கட்டிலிலிருந்து அப்பா, "விடு பாப்பா, சின்னப் புள்ள, ஆசையில கேக்குது" என்றார். அக்கா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தார். "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு அண்ணா" என்றார். அன்றும் குனிந்து, அதே வழக்கமான கட்டுப் போட்டுவிட்டுப் போனார். தவறு நடந்ததை மறுநாள் அவரே தன் பேராசிரியரிடம் சொல்லிவிட்டார் என்று உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மஞ்சள் படாத செதிலில் அவர் மறுபடியும் செய்த ஜெல் உங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறது என்றீர்கள். இனி அந்த வேலையை யார் செய்வார்கள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அக்காவே இருந்திருந்தாலும் அது ஒரு மனிதரின் காலுக்கு வந்து சேர இன்னும் பல வருடங்கள் ஆகும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பாவின் கால் அவ்வளவு நாள் காத்திருக்காது. கணுக்கால் வரை எடுக்க வேண்டியிருக்கலாம் என்கிறார்கள்.

இப்போது மாலையில் நான்தான் கட்டு மாற்றுகிறேன். பக்கத்து வீட்டார், பங்குத் தந்தை, மருந்துக் கடைக்காரர் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "சரியாயிடும்" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், இத்தனை மாலைகளில் அக்கா ஒருமுறைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

நேற்று அப்பா கேட்டார்: "சரியாயிடுமா ஜெனி?"

 ஆமாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

"தெரியலப்பா. இந்த ஓரம் நேத்து மாதிரியேதான் இருக்கு."

அப்பா, "சரி, கழுவு" என்று காலை நீட்டினார். எனக்கென்று அக்காவிடமிருந்து மிஞ்சியது இவ்வளவுதான்: பொய் சொல்லாமல் பக்கத்தில் உட்காருவது. நான் முகத்தைத் திருப்பாமல் குனிந்தேன்.